பத்தாவது நாள் விளிம்பு

அசையக் கூடாது. நான் அசைந்தால் ரப்பர் நழுவும், நழுவினால் உள்ளே போன தண்ணீரெல்லாம் வாளியில் கொட்டிவிடும், அப்புறம் முதலிலிருந்து மறுபடி. புதுக் குழாய் கொடுத்த சார் பத்து மணிக்கு வருகிறேன் என்றார். இப்போது ஒன்பதேகாலா, ஒன்பதரையா, கடிகாரம் என் முதுகுப் பக்கம் இருக்கிறது, திரும்பினால் கை ஆடும். ஜன்னல் கம்பியில் பாவாடை நாடாவால் கட்டிய பை தொங்குகிறது, அதில் கோடு போட்டிருக்கும் இடத்துக்குத் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர், என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்துதான் பையில் ஊற்றினேன், என் மகள் மிதுனாவுக்குப் புட்டிப்பால் கொடுத்தபோது பார்த்த மாதிரியே. புட்டியின் ரப்பர்தான் இப்போது என் இடது கையில் இருக்கிறது. அந்த நிப்பிளின் நுனியை வெட்டி, அதற்குள்ளே மெல்லிய குழாயை நுழைத்து, அவள் அடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் மேலே அவள், கீழே நான். ஆறு வயசு. இன்னும் ரெண்டு வருசம் போனால் இந்த நாற்காலி அவளைத் தாங்குமா? என் கை தாங்குமா? விரல் மரத்துப்போய்விட்டது, சுண்டுவிரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒருவேளை அவளுக்கு இடுப்புக்குக் கீழே எப்போதும் இப்படித்தான் இருக்குமோ. அவள் பிறக்கும்போதே முதுகுத்தண்டில் கட்டி, மூன்றாம் நாள் ஆபரேசன், அன்றைக்கே டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள், கீழே உணர்ச்சி இருக்காது, தானா வெளிக்கிப் போகாது, நீங்கதான் கழுவி விடணும் என்று. கழுவி விடுவது என்றால் துணியைக் கழுவுவது என்று நினைத்துத் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் நான். அம்மா, ஏன் என் கால்ல எறும்பு போவுது, என்கிறாள். போகுது என்று அவள் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறாள். தட்டி விடுகிறேன், வலது கையால், மெதுவாக, இடது கை அசையாமல்.

கோகிலாமணி அக்காவின் பாப்பா இனியாவுக்கு நாலு வயசு. இவளுக்கு இருப்பதேதான் அவளுக்கும். மாசத்துக்கு ரெண்டு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராண்டாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவோம், அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வருவார்கள், எனக்கும் சேர்த்து முறுக்குக் கொண்டு வருவார்கள். சாரும் அவரோடு ஒரு மேடமும், கழுவி விடுவதற்கென்று தாங்களே செய்த புதுக் குழாயை முதலில் காட்டியதும் அந்த வராண்டாவில்தான். பதினஞ்சு பேர் அம்மாக்கள். குழாயின் நுனியில் சின்ன பலூன், உள்ளே போனதும் ஊதிக்கொள்ளும், தண்ணீர் வெளியே வராது, கையால் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம், அந்த நேரத்தில் நீங்க வேற வேலை பாக்கலாம்க்கா, என்றார் நிரஞ்சன் சார். எனக்கு ரெண்டு வயசாவது பெரியவராக இருப்பார், ஆனாலும் அக்கா என்றுதான் சொல்லுவார். கை வேண்டாம் என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாசத்துக்கு ரெண்டு குழாய் தருவோம், சோப்புத் தண்ணியில் கழுவி நிழலில் காயவையுங்கள் என்று ஒரு காகிதமும் கொடுத்தார்கள். நான் ஐந்தாவது வரைதான், எழுத்துக்கூட்டிப் படித்தேன். சோப்பு என்று போட்டிருந்தது. வெந்நீர் என்று இல்லை. கோகிலாக்கா கேட்டார்கள், சோப்பே போதும்னு போட்டிருக்குல்ல துளசி? நான் சொன்னேன், நம்மூட்டுத் தண்ணிக்குச் சோப்பு பத்தாதுங்க்கா, புட்டியைக் கொதிக்க வெக்கிறமில்ல, அதே மாதிரி கொதிக்க வெச்சுருங்க, கிருமி இருந்தாச் செத்துரும். வாயே திறக்காத நான் அன்றைக்கு எதற்குத் திறந்தேன். சொன்னது இதமாக இருந்தது, எனக்கும் ஒரு விசயம் தெரியும் என்று இருந்தது. அவர்கள் சரி சாமி என்றார்கள். முறுக்கை உடைத்துப் பாதியை நீட்டினார்கள்.

தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. அவள் கையைப் பார்க்கிறேன். போனில் மீன் பிடிக்கிற விளையாட்டு விளையாடிக்கொண்டிருக்கிறாள், கட்டைவிரல் ஓடுகிறது, முழங்கைக்குக் கீழே ரோமம் படிந்து கிடக்கிறது. படிந்து கிடந்தால் நல்லது. உள்ளே தண்ணீர் அழுத்தினால் அவளுக்கு வயிறு சொல்லாது, அடி சொல்லாது, கை ரோமம் சிலிர்த்து நிற்கும், மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்க்கும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, ஆறு வருசம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. சார் வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டு போகிற ஃபார்மில் அதற்கு இடமில்லை. ஃபார்மில் அஞ்சு மூஞ்சி. பல் தெரியச் சிரிக்கிற மூஞ்சியில் ஆரம்பித்து, அழுகிற மூஞ்சி வரைக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று போட்டார்களாம், மேடம் சொன்னார்கள், மேடத்துக்கு இப்போது பெங்களூரில் வேலை, இனி சார் மட்டும்தான் வருவார். குழாய் உள்ள போறப்ப பாப்பாவுக்கு வலி எப்படி இருந்துச்சு, இதுல எந்த மூஞ்சி? மிதுனா எட்டி, சிரிக்கிற மூஞ்சியின் மேலே விரலை வைத்துவிட்டாள், அவளுக்கு அந்தப் பல் பிடித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சரிங்களாக்கா, என்று என்னைப் பார்த்தார் சார். பொய்யும் இல்லையே. அவளுக்கு வலிக்கவில்லைதான். கத்தியால் கீறினாலும் வலிக்காது. நான் தலையாட்டினேன். அப்படியே பதினஞ்சு வீட்டிலும் பதினஞ்சு பிள்ளைகளும் சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டிருக்கும். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாத பிள்ளைகளிடம் வலிக்குதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், எங்களுக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்கு என்று என்ன சொல்வது. எனக்குத் தோன்றியது. எனக்கு அன்றைக்கே தெரியும்.

வெளியே சாந்தாமணியக்கா குரல், பக்கத்து லைன் வீடு, கம்பெனிக்கு லீவு போலிருக்கிறது. ஏன் துளசி, காலங்காத்தால கதவச் சாத்திட்டு உள்ள அப்படியென்ன பூஜை? பாப்பாவுக்கு மேலு கழுவறேனுங்க்கா என்று சொல்லலாம், சொன்னால் அவர்கள் ஜன்னலுக்கு வருவார்கள். மிதுனாவே கத்துகிறாள், பூஜை இல்ல பெரியம்மா, ஆய்! அவர்கள் சிரித்துக்கொண்டே போவது கேட்கிறது. இவளுக்கு வெட்கம் என்பதே இல்லை, எங்கிருந்து வந்தாளோ. எனக்கு இருக்கிற வெட்கம் ரெண்டு பேருக்கும் சேர்த்து. அந்த வெட்கத்தால்தான் சொல்லாமல் விட்டேன். இல்லை, பயத்தால். ரெண்டும் எனக்கு ஒன்றுதான். பத்தாவது நாள் அது. புதுக்குழாய் வந்த பத்தாவது நாள், கொதிக்கவைத்து எடுத்துத் துடைக்கும்போது கட்டைவிரலில் என்னமோ தட்டியது. பலூனை ஒட்டியிருக்கிற இடத்தில் ஒரு வளையம். முதல் நாள் தடவினால் இருப்பதே தெரியாது, வாழைத்தண்டு மாதிரி இருக்கும். இப்போது அந்த வளையத்தின் ஓரம் ஒருபக்கம் எழும்பியிருந்தது. நூல் அளவுதான். ஆனால் நகத்தில் மாட்டியது. மிதுனாவிடம் கேட்டுப் பிரயோசனமில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கையில் துணி பட்டாலே எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார், ஆனால் இதைத் தொடமாட்டார், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, அதெல்லாம் படிச்சவங்க செஞ்சது, வர்றவங்ககிட்ட எதையாச்சும் சொல்லி, குடுக்கறதையும் நிறுத்திப்போடாத, என்றார். அன்றைக்கு மத்தியானம் லைனில் யாருமில்லை, மிதுனா தூங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் தாழ்போட்டேன். தேங்காயெண்ணெய் தடவினேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு, சாமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் குழாயை நான் எனக்கே போட்டுப் பார்த்தேன்.

யாரிடமும் சொன்னதில்லை. மனசுக்குள்கூட இவ்வளவு முழுசாகச் சொன்னதில்லை. பாதியில் வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன், அரிசி ஊறவைக்கணும், நாடா இத்துப்போச்சு. போகும்போது ஒன்றுமில்லை. எடுக்கும்போதுதான். யாரோ சுண்டுவிரல் நகத்தால் உள்ளேயிருந்து வெளியே வரைக்கும் ஒரு கோடு இழுத்த மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். துணியில் ஒரு பொட்டு ரத்தம். ரெண்டு நாள் உட்கார முடியவில்லை, என்ன ஒரு மாதிரி நடக்கறே என்று அவர் கேட்டார், இடுப்பு பிடிச்சுக்கிச்சு என்றேன். உட்கார முடியாத அந்த ரெண்டு நாளும் நினைத்தேன், பத்து நாளாக நான் இவளுக்குள்ளே என்ன செய்துகொண்டிருந்தேன், இவள் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது. மூன்றாம் நாள் பழைய மெல்லிய குழாயை எடுத்து, பரணில் கிடந்த பால்புட்டியின் நிப்பிளை எடுத்து இதைச் செய்தேன். நிப்பிள் வாயில் வைக்கிறதற்காகச் செய்தது, எங்கே பட்டாலும் கீறாது, அழுத்திப் பிடித்தால் தண்ணீர் கசியாது. கைதான் போகும், போகட்டும். ஃபார்ம் கொண்டு வந்தது அதற்கு நாலு நாள் கழித்து. அப்போது எனக்குத் தெரியும். நிப்பிளை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்துவிட்டு, புதுக்குழாயைத் தட்டில் எடுத்து வைத்தேன், டீ போட்டுக் கொடுத்தேன், தலையாட்டினேன். வலிக்குது சார் என்றால், பாப்பாவுக்கு உணர்ச்சி இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்ல? அந்த ஒரு கேள்விக்காகத்தான். அந்த ஒரு கேள்வி வந்துவிடக்கூடாது என்று என் பிள்ளையை மட்டும் எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். கோகிலாக்காவிடமாவது சொல்லியிருக்கலாம், பொம்பளைதானே, கூடப்பிறந்தவள் மாதிரிதானே. அதற்கப்புறம் நாலு செவ்வாய்க்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றேன். கொதிக்க வெக்கிறீங்களாக்கா? தவறாம வெக்கிறேன் சாமி, நீ சொன்னதிலருந்து.

போன வாரம் இனியாவுக்குக் காய்ச்சல். வயிறு பலகையாகிவிட்டதாம். பிள்ளை வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, எப்படிச் சொல்லும், ரெண்டாம் நாள் சாயங்காலம்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். குடல் கிழிந்து உள்ளே விசம் பரவிவிட்டது. ஆபரேசன் செய்து வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு ஆறாவது நாள், இன்னும் கண் திறக்கவில்லை. கோகிலாக்கா போன் பண்ணினார்கள். நாந்தான் குத்திப்போட்டேனாம் துளசி. டாக்டரம்மா கேக்கறாங்க, வேகமா அழுத்துனீங்களான்னு. இல்லைன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரலை. அழுத்தியிருப்பேனோ என்னமோ, அன்னிக்கு சமையலுக்கு நேரமாச்சுன்னு கொஞ்சம் அவசரம். எங்க மாமியார் ரூமுக்குள்ள என்னை விடமாட்டீங்கறாங்க, கொன்னவளேங்கறாங்க. நீயே சொல்லு, நான் அழுத்தியிருப்பனா? நான் என்ன சொன்னேன். சாமி கும்பிட்டுக்குங்க்கா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தச் சொல் ஆறு நாளாக நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்ன சாப்பிட்டாலும் அதன்மேல்தான் சாப்பிடுகிறேன். நேற்று சார் போன் பண்ணினார். நாளைக்குக் கடைசி ஃபார்ம்க்கா. இதோட குழாய்க்கு அச்சு வெட்டக் குடுத்துருவோம், அச்சு வெட்டினா மாத்த முடியாது, முதல்ல ஆயிரம் வீட்டுக்குப் போவுது. ஒரே ஒரு கேஸ்லதான் பாவம், அந்தம்மா தப்பாப் போட்டுட்டாங்க. மத்த எல்லாருக்கும் சிரிச்ச மூஞ்சிதான். ஆயிரம் என்றார். எனக்கு நூறு வரைக்கும்தான் மனசில் நிறுத்திப் பார்க்க முடியும். நூறு பிளாஸ்டிக் நாற்காலி. நூறு பிள்ளைகள் மீன் பிடிக்கின்றன. கீழே ஒருத்தி அண்ணாந்து பார்க்கிறாள்.

ரோமம் சிலிர்த்துவிட்டது. போதும். நாடாவைப் பிடித்துக் குழாயை மடக்குகிறேன். பத்து எண்ணு கண்ணு, அம்மா எடுக்கப்போறேன். அவள் எண்ணுகிறாள், ஏழை விட்டுவிடுகிறாள், எப்போதும் ஏழை விட்டுவிடுவாள். மெதுவாக எடுக்கிறேன், வாளியில் சத்தம், நாற்றம், ஊதுவத்தி ஏற்றியிருக்கலாம். ரத்தம் இல்லை. ஒவ்வொரு நாளும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். கழுவித் துடைத்துப் பவுடர் போட்டு, பாவாடை மாட்டி, கட்டிலில் தூக்கி உட்கார வைக்கும்போது கதவு தட்டுகிறது. அக்கா, நிரஞ்சன். வாளி. வாளியை மறைவுக்குப் பின்னால் தள்ளுகிறேன். நிப்பிள் இன்னும் ஈரமாக என் கையில். அரிசி டப்பா எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. மிதுனா என்னையே பார்க்கிறாள். சாருன்னா ஒளிச்சு வெக்கணுமாம்மா? குழந்தை சாதாரணமாகத்தான் கேட்கிறது. நான் டப்பாவைத் திறக்கிறேன், நிப்பிளை உள்ளே போடவில்லை, அரிசிக்குள்ளே கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கிறேன். ஒரு புதுக்குழாய், யாருக்கும் போடாதது, வெறுமனே பத்து நாள் பத்து தடவை கொதிக்கவைத்தது. எதற்காகச் செய்தேன் என்று எனக்கே அப்போது தெரியாது. இப்படி ஒரு நாள் வரும் என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபார்மை முழங்காலில் வைக்கிறார், பிஸ்கட் பாக்கெட்டை மிதுனாவிடம் நீட்டுகிறார், தூங்காத முகம் அவருக்கும். சீக்கிரம் முடிச்சிரலாங்க்கா. பாப்பா, எந்த மூஞ்சி? அவள் விரல் போகிறது பல் தெரிகிற இடத்துக்கு. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். என் குரல் எங்கேயோ கிடக்கிறது, இழுத்துக்கொண்டு வருகிறேன். வலிக்குதுங்க சார். பாப்பாவுக்கா? பாப்பாவுக்குத் தெரியாதுங்க. அப்புறம் எப்படிக்கா... வந்துவிட்டது. ரெண்டு மாசம் நான் பார்த்து ஓடி ஒளிந்த கேள்வி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மரியாதையாகக் கேட்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் என் உடம்புல போட்டுப் பார்த்தனுங்க. அவர் பேனாவைப் பார்க்கிறார், அவர் காது சிவந்துபோய்விட்டது, எனக்கு உடம்பெல்லாம் தீ, ஆனால் சொல்லி முடித்த இடத்தில் தரை இருக்கிறது, நான் அதன்மேல் நின்றுகொண்டிருக்கிறேன். பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். இது யாருக்கும் போடலைங்க, சுத்தமானது. புதுசுல நல்லாத்தான் இருக்கும். கொதிக்க வெச்சுக் கொதிக்க வெச்சுப் பத்தாவது நாள் ஓரம் எந்திரிச்சுக்கும். உதட்டுக்கு உள்பக்கம் வெச்சு இழுத்துப் பாருங்க. கொதிக்க வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமேக்கா, என்றார், மெதுவாக. வெக்கக் கூடாதுன்னு இல்லைங்க, சோப்புன்னு மட்டும்தான் போட்டிருக்கு. புள்ளைக்குள்ள போறதை எந்தத் தாயும் கொதிக்க வெக்காம இருக்கமாட்டாங்க சார். அவர் குழாயை வாங்கினார். கீழுதட்டை மடித்து, உள்ளே வைத்து இழுத்தார். ஒரு கண் சுருங்கியது. இன்னொரு தடவை இழுத்தார். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். இந்த விளிம்பு... என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் கையைத் திறந்து நிப்பிளைக் காட்டினேன், நான் இதைத்தானுங்க போடறேன், ரெண்டு மாசமா. அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை, குனிந்து என் உள்ளங்கையிலேயே வைத்துப் பார்த்தார். மிதுனா சொன்னாள், அம்மா எனக்கு வலிக்கலையே. வலிக்காது கண்ணு, உனக்கு வலிக்காது.

இதை எப்படிக்கா எழுதறது, என்றார் சார், மூஞ்சிகளுக்குக் கீழே இடம் இல்லை. பின்னாடி எழுதுங்க, என்றேன். பேரு போடட்டுமா வேண்டாமா? ஒரு நிமிசம் வீட்டுக்காரர் முகம் நினைவுக்கு வந்தது, குடுக்கறதையும் நிறுத்திப்போடாத. சாயங்காலம் வந்து கேட்பார். கேட்கட்டும். துளசிமணின்னு போடுங்க. சார் எழுதிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தேன், மீன் விளையாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடிவிட்டுக் கோகிலாக்கா நம்பரை அழுத்தினேன். முதல் மணி. ரெண்டாவது மணி. நாலாவதில் எடுத்தார்கள். யாரோ இருமுகிற சத்தம், தள்ளுவண்டி போகிற சத்தம், அவர்கள் மூச்சு. இனியா எப்படி என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்டால் அதன் பின்னால் மறுபடி ஒளிந்துகொள்வேன். அக்கா, நான் துளசி. நீங்க அழுத்தலைங்க்கா. யாரு சொன்னா? நான் சொல்றனுங்க்கா. குழாய்ல ஓரம் எந்திரிச்சிருந்துச்சு. கொதிக்க வெச்சதால. கொதிக்க வெக்கச் சொன்னது நான். எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். தள்ளுவண்டி போய்விட்டது. சார் எழுதுவதை நிறுத்திவிட்டார். போன் காதில் சூடாக இருக்கிறது, அவர்கள் வைக்கவில்லை, பேசவும் இல்லை, நான் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.